மகன் கப்பலைப் பிடித்த ஏரியல்

எங்கள் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மூங்கில் கழியின் உச்சியில் நிற்கும் ஏரியல் நான் என் கையால் செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் பழைய டிஷ்காரன் கழற்றாமல் விட்டுப்போன கம்பி என்றே நினைக்கிறார்கள். இல்லை. ஒவ்வொரு கம்பியையும் நான் அளந்தேன், நான் வெட்டினேன். கழியைத் தூக்கி நிறுத்தியது மட்டும்தான் என் வீட்டுக்காரர்.

நான் எட்டாவது வரை படித்தவள். கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் தெரு. ஜாக்கெட், பாவாடை தைப்பேன். வீட்டுக்காரர் கரும்பு வைத்திருக்கிறார். ஒரே மகன். அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரருக்கு உதவியாள். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில்.

போன முறை லீவில் வந்தபோது ஒரு சின்ன டப்பா வாங்கி வந்தான். உள்ளே பென் டிரைவ் மாதிரி ஒரு துண்டு, அதன் பின்னால் ஒயரை மாட்ட ஒரு திருகு. கம்ப்யூட்டரில் சொருகினால் கம்ப்யூட்டரே ரேடியோ ஆகிவிடும் என்றான். பாட்டு மட்டுமில்லை, ஏரோப்ளேன், கப்பல் எல்லாம் காற்றில் என்னென்ன சொல்லிக்கொண்டு போகிறதோ அதையும் பிடிக்கலாமாம். நாலு நாள் நோண்டினான். அதற்குள் கம்பெனியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். டப்பாவை மூடி, படித்த காலத்து கம்ப்யூட்டரின் மேல் வைத்துவிட்டுப் போனான். நானும் தூசி தட்டும்போதெல்லாம் அதைத் தூக்கி வைத்துத் துடைத்தேன். அவன் தொட்ட பொருள்.

ஆறாவது மாதம் போனில் பேசினான்.

"அம்மா, அடுத்த மாசம் கொழும்புலருந்து கெளம்பி மெட்ராஸ் பக்கம் வரோம். நம்ம ஊருக்கு நேராதான் போவோம்."

"அப்படியே எறங்கி வூட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்டா."

"அது இன்னா கடலூர் பஸ்ஸாம்மா, நெனச்ச எடத்துல எறங்கறதுக்கு?"

துறைமுகத்திலும் வெளியே விடமாட்டார்களாம். சரக்கை இறக்கிவிட்டு ஆப்பிரிக்கா பக்கம் போய்விடும் கப்பல். எங்கள் கடலுக்கு மறுபடி எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. எனக்கு அந்த டப்பா ஞாபகம் வந்தது.

"ஏன்டா, ஒவ்வொரு கப்பலும் தன் நம்பரையும் பேரையும் சொல்லிகினே போவும்னு சொன்னியே, அது இந்த டப்பாவுல வருமா?"

"வரும். ஏரியல் ஒசரமா இருக்கணும். ஆனா போன்லயே பாக்கலாமேம்மா. வெப்சைட் இருக்குது."

"அது எவனோ புடிச்சிக் காட்டறது. நான் புடிக்கணும்."

சிரித்தான். சிரித்துவிட்டுச் சொன்னான், நம் ஊருக்கு நேராக வந்து போக அதிகம் போனால் இரண்டு மணி நேரம்தான், அதற்குள் பிடித்தால் உண்டு என்று. என் பிள்ளை எங்கள் ஊர்க் கடலில் இரண்டு மணி நேரம் இருக்கப்போகிறான். அதை இந்த வீட்டிலிருந்து நான் பார்க்காமல் விடுவதா? அன்றைக்கே டப்பாவைப் பிரித்தேன்.

இங்கே இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அவன் முதன்முதலாகக் கப்பலேறிய அன்று மயிலம் முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்தேன். ஒவ்வொரு முறையும் அவன் வீடு வந்து சேரும்வரை சாமி அலமாரியில் விளக்கு அணையாது என்று. நான் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனால் எண்ணெய் விளக்கை யார் பார்ப்பது? அதனால் வீட்டுக்காரர் கரண்ட் போனாலும் எரிகிற சின்ன பல்பு ஒன்று வாங்கி, சிவப்புக் கண்ணாடி போட்டு மாட்டிக் கொடுத்தார். உள்ளேயே பேட்டரி. ஆறு மாதமாக அது ஒரு நொடி அணைந்ததில்லை.

முதல் வேலை, சொருகிய துண்டு என்னவென்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வைப்பது. டிரைவர் போடுவது என்பார்கள். மகன் வாய்ஸ் மெசேஜில் சொன்னதை ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு பட்டியல் வந்தது. அதில் சரியான பெயரைத் தேர்ந்து பட்டனை அமுக்க வேண்டும். நான் சூடம் காட்டி, மானிட்டருக்குக் குங்குமம் வைத்து, முருகா என்று சொல்லி அமுக்கினேன். மவுஸ் நின்றுவிட்டது. துண்டுக்குப் போட வேண்டிய டிரைவரை மவுஸுக்குப் போட்டிருக்கிறேன்.

அவன் அப்போது நடுக்கடலில். போனுக்குச் சிக்னல் இல்லை. மூன்று நாள் மவுஸ் இல்லாமல் அம்புக்குறி விசைகளையும் டேப் விசையையும் வைத்துக்கொண்டே தடவித் தடவிப் போய், போட்டதை நானே கழற்றினேன். எப்படி என்று இன்றைக்குக் கேட்டாலும் நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அடுத்த நாள் பாண்டி எஃப்எம் பாட்டு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றார்.

"இதுக்குத்தான் நாலு நாளா சோறு கொழைஞ்சிதா? செல்லுலயே பாட்டு வருதே."

"இது நானா வர வெச்சது."

அவர் பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்தது ஏரியல். கப்பல் பேசும் அலைவரிசைக்கு நாற்பத்து நாலு சென்டிமீட்டர் கம்பி வேண்டும். ஒன்று நேராக மேலே, நாலு சாய்வாகக் கீழே, குடைக் கம்பி மாதிரி. மோட்டாரில் மிஞ்சிய செம்புக் கம்பி இருந்தது. டேப்பை எடுத்து அளந்தேன், அழகாக வெட்டினேன். மகன் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"அம்மா, எல்லாம் ஒரு இன்ச் நீளமா கீதே, ஏன்?"

"தையலுக்கு விட்டேன்டா."

முப்பது வருஷப் பழக்கம். எதை வெட்டினாலும் தையலுக்கு ஓர் இன்ச் விடாமல் என் கை வெட்டாது. அத்தனையையும் மறுபடி நறுக்கினேன். பழைய டிஷ் ஒயரை இணைத்து, மூங்கில் கழியில் கட்டி, மாடியில் நிறுத்தினோம். ஒயரைச் சாமி அலமாரிக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தோம். அந்த ஜன்னல் அதற்குப் பிறகு முழுதாக மூடவில்லை. இடுக்கில் துணி அடைத்தேன்.

அடுத்த வீட்டில் என் கொழுந்தன் மனைவி. வயதில் சின்னவள், வாயில் பெரியவள். மதில் மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, கட்சி ஆரம்பிச்சிட்டியா? கொடிக்கம்பம்லாம் நட்டுருக்க."

"எம் புள்ள கப்பலு நம்ம கடல்ல போவுதுடி. இதுல தெரியும்."

"கடலே இங்கருந்து தெரியல, கப்பலு தெரியப் போவுதாம். காக்கா ஒக்கார எடம் ஆச்சு, போ."

அவள் சொன்னபடிதான் முதலில் நடந்தது. காக்கா உட்கார்ந்தது, கப்பல் வரவில்லை. கப்பல்களின் பேச்சு டிக் டிக் என்று விட்டு விட்டு வரும். அதை ஒரு மென்பொருள் எண்ணாகவும் பெயராகவும் மாற்றி வரைபடத்தில் புள்ளி வைக்கும். எனக்கு வந்தது கரைக்குப் பக்கத்தில் இருந்த மூன்று நாலு புள்ளிகள்தான். மகன் கப்பல் போகும் பாதையோ பதினாலு மைல் உள்ளே. அங்கே வெறும் நீலம்.

காரணம் திரையிலேயே இருந்தது. அலைகளைக் காட்டும் படம் ஒன்று உண்டு. நீல நிறத்தில் அருவி மாதிரி மேலிருந்து கீழே வழிந்துகொண்டே இருக்கும். அதில் நாலைந்து மஞ்சள் கோடுகள், சேலைக் கரை மாதிரி, எப்போதும் ஓடின. "அது இரைச்சல்மா. பக்கத்துல ஏதோ ஒரு கரண்ட் சாமான் போடற சத்தம். அத நிறுத்துனாதான் தூரத்துக் கப்பலு வரும்" என்றான் மகன்.

ஒவ்வொன்றாக நிறுத்தினேன். ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி டப்பா, செல் சார்ஜர், மோட்டார் தையல் மெஷின். கோடு போகவில்லை. ஒரு நாள் கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் கீ கீ என்று பத்து நிமிஷம் ஓடும். ஓடிப்போய்ப் பார்த்தேன். வீடே அடங்கிக் கிடக்கிறது, கோடு அப்படியே நிற்கிறது. அப்படியானால் நம் வீட்டுச் சாமான் இல்லை. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"உங்க வூட்டு இன்வெர்ட்டர கொஞ்சம் நிறுத்துடி."

"எதுக்கு?"

"எம் புள்ள கப்பல மறைக்குது."

"அய்ய, இன்வெர்ட்டரு கப்பல மறைக்குதாம். கேட்டாக்கா யாராவது சிரிப்பாங்க" என்றாள். ஆனாலும் நிறுத்தினாள். கோடு போகவில்லை. இரண்டு நாள் அந்தத் தெருவில் நான் சந்தேகப்படாத சாமான் இல்லை.

மறுபடி கரண்ட் போன ஒரு மத்தியானம். மழை இருட்டு. யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது. அறையில் எரிந்துகொண்டிருந்தது இரண்டே வெளிச்சம். ஒன்று கம்ப்யூட்டர் திரை. மற்றது சாமி அலமாரியில், ஏரியல் ஒயருக்கு ஒரு முழம் தள்ளி, முருகன் பாதத்தில் சிவப்பாக எரிந்த பல்பு.

அலமாரிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யார் யாரையோ சந்தேகப்பட்டேன், சாமி விளக்கை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. மகனிடம் சொன்னேன்.

"அவ்ளோதானா? அந்த பல்ப நிறுத்திடும்மா."

"நிறுத்துனு சொல்லாதடா. உனுக்காக எரியறது அது."

அவன் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று எரிகிற விளக்கு. அதை அணைத்தால்தான் அவன் கப்பலைப் பார்க்கலாம். வெளியே யாரிடம் சொன்னாலும் பல்புதானே என்பார்கள். வேண்டுதல் வைத்தவளுக்கு அது பல்பு இல்லை. தாய் ஆசைக்காக இரண்டு மணி நேரம் அணைத்து, அந்த இரண்டு மணி நேரத்தில் அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? நான் எந்த முகத்தோடு அலமாரிக்கு முன்னால் நிற்பேன்?

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுப் பூக்கட்டிப் பார்த்தேன். இரண்டு வெற்றிலைத் துண்டில் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று மடித்துப் போட்டேன். விளக்கை நிறுத்தலாம் என்றால் வெள்ளை, கூடாது என்றால் சிவப்பு. கண்ணை மூடி எடுத்தேன். சிவப்பு.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் மாடிக்குப் போய்க் கழியைக் கட்டிய கயிற்றை இறுக்கிவிட்டு வந்தார். கழற்றச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

இரவு சாதம் வடிக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது. நான் கேட்டது விளக்கை நிறுத்தலாமா என்று. கூடாது என்றார் முருகன். சரி, நிறுத்தவே வேண்டாம். எண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, அது நின்று எரிகிறபோது பல்பை எடுத்தால், சாமி முன்னால் விளக்கு ஒரு நொடி கூட அணையாதே.

"முருகன்கிட்டயே வக்கீல் வேல பாக்கறியா நீ" என்றார் வீட்டுக்காரர். ஆனால் அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

அந்த நாள் வந்தது. ஆடி மாதம். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் கடப்போம் என்று கொழும்பை விடும் முன் மகன் சொல்லியிருந்தான். தலைக்குக் குளித்தேன். பெரிய அகலில் நல்லெண்ணெய் ஊற்றி, இரட்டைத் திரி போட்டு ஏற்றினேன். சுடர் நிமிர்ந்து நின்றதும் கும்பிட்டுவிட்டு பல்பைக் கழற்றினேன்.

திரையில் மஞ்சள் கோடுகள் போயின. அத்தனையும். துடைத்துவிட்ட மாதிரி நீலம். ஐந்தே நிமிஷத்தில் வரைபடத்தில் புள்ளிமேல் புள்ளி விழுந்தது. நாலு கப்பல் தெரிந்த இடத்தில் பதினேழு. உள்ளே, வெகுதூரம் உள்ளே, நான் ஒரு நாளும் காணாத இடமெல்லாம் கப்பல். நான் நறுக்கிய செம்புக் கம்பி அவ்வளவு தூரம் கேட்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

ஆனால் ஆடிக் காற்று. ஜன்னல் இடுக்குத் துணியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. சுடர் படுத்து எழுந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் அணைபோட்டு உட்கார்ந்தேன். கையை எடுத்தால் படுக்கிறது. அலமாரியை விட்டு நகர முடியவில்லை. கம்ப்யூட்டர் என் முதுகுக்குப் பின்னால்.

"நீங்க ஒக்காந்து பாருங்க" என்றேன்.

"எனுக்கு இங்கிலீசு எழுத்து தெரியாதே."

"நம்பர் தெரியுமில்ல? கரும்பு லாரி எடைச் சீட்டு படிக்கிறீங்க இல்ல? அதே மாதிரி படிங்க."

கப்பலின் பெயர் ஆறு நிமிஷத்துக்கு ஒரு முறைதான் வரும். எண் உடனுக்குடன் வரும். ஒன்பது இலக்கம். மகன் கப்பலின் எண்ணை அவனிடமே கேட்டு, சஷ்டி கவசம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் ஒவ்வொரு புதிய எண்ணாகப் படிக்க, நான் சுடரைப் பார்த்தபடியே கேட்டேன். முதல் எண் மூன்றாவது இலக்கத்தில் தவறியது. அடுத்தது ஐந்தாவதில். பதினோரு மணி ஆயிற்று. கை சுட்டது. மாற்றி மாற்றி வைத்துக்கொண்டேன்.

அப்போது வாசலில் கொழுந்தன் மனைவி குரல். "இன்னாக்கா, காக்கா எதுனா செய்தி சொல்லிச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், நான் விளக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இந்தா, புதுசா ஒண்ணு கீழருந்து வருது" என்றார் வீட்டுக்காரர். கீழே என்றால் வரைபடத்தில் தெற்கு. ஒவ்வொரு இலக்கமாக, எடைச் சீட்டுப் படிக்கிற அதே குரலில் படித்தார். மூன்று சரி. ஐந்து சரி. ஏழு சரி. எட்டாவதை அவர் சொல்லுமுன் நான் சொன்னேன். ஒன்பதாவதை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கை விளக்கில் இருக்கிறது.

"நவுருக்கா" என்றாள் கொழுந்தன் மனைவி. "நான் கைய வெக்கிறேன். போய்ப் பாரு." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கைக்குப் பக்கத்தில் அவள் கையை வைத்தாள். நான் என் கையை எடுத்தேன். சுடர் அசையவில்லை. "போவியா, நின்னுகினு பாக்கற? உனுக்கு மட்டும்தான் வெளக்கப் பாத்துக்கத் தெரியுமா?"

போய் நின்றேன். கிட்டத்தில் பார்த்தால் அந்தப் புள்ளி ஒரு சின்ன அம்பு. முனை வடக்கே. வேகம் பதினாலு. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு நூல் நகர்ந்தது. நகர நகரப் பார்த்தேன். எண் இருந்த இடத்தில் திடீரென்று எழுத்துகள் வந்தன. நோட்டை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். அவன் கப்பல்தான். என் பிள்ளை அந்த அம்புக்குள் இருக்கிறான். எங்கள் தெருவுக்கு நேர் கிழக்கே வந்தபோது வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய் கிழக்கே பார்த்தார். அங்கே தென்னைதான் தெரியும், அவருக்கும் தெரியும். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "காத்து நல்லாத்தான் அடிக்குது" என்று சொல்லி உட்கார்ந்தார்.

பன்னிரண்டே முக்கால் வரை தெரிந்தது. பிறகு அம்பு நின்றது, மங்கியது, போயிற்று. அதுவரை கொழுந்தன் மனைவி விளக்கை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் வீட்டு அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனதைப் பிறகுதான் சொன்னாள். எங்கள் வீட்டுச் சாம்பாரில் பாதியை ஊற்றிக் கொடுத்தேன்.

சாயங்காலம் மகன் பேசினான். எத்தனை மணிக்கு, எவ்வளவு வேகம், எந்தத் திசை என்று நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்ப நான் வெங்காயம் உரிச்சிகினு இருந்தேம்மா" என்றான்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டான். கப்பலை ஓட்டும் ஆபீசர் ஒருவரிடம் இதைச் சொல்லியிருக்கிறான். அவர் நம்பவில்லையாம். நான் எழுதிய நேரத்தையும் வேகத்தையும் சொன்னதும், அவருடைய பதிவுப் புத்தகத்தை எடுத்து ஒத்துப் பார்த்தாராம். சரியாக இருந்ததாம். எந்தக் கம்பெனி ஏரியல் என்று கேட்டாராம்.

"நீ இன்னா சொன்ன?"

"எங்க அம்மா தைச்சதுன்னு சொன்னேன்."

பல்பை மறுபடி மாட்டவில்லை. வீட்டுக்காரர் கடலூர் போனபோது, காற்று புகாத கண்ணாடிக் கூண்டு வைத்த விளக்கு ஒன்று வாங்கி வந்தார். நாள் முழுக்க எரிகிற அளவு எண்ணெய் பிடிக்கும். நான் புல்லுக்குப் போகிற நேரம் பக்கத்து வீட்டிலிருந்து அவள் வந்து பார்த்துக்கொள்கிறாள். வந்தவள் சும்மா இருப்பதில்லை, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அம்புகளை எண்ணுகிறாள். நான் திரும்பி வந்ததும், "உம் புள்ளது இல்லக்கா, ஆனா பெரிசா ஒண்ணு போச்சு" என்று கணக்குச் சொல்கிறாள்.

அவன் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நோட்டில் ஒரு பக்கம், மேலே யாருடைய ஜாக்கெட்டுக்கோ தோள் பதினாலு, கை ஒன்பது என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே அந்த ஒன்பது இலக்கம், நேரம், வேகம், பதினாலு மைல். ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாயிற்று. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.